புள்ளித் தாளில் இல்லாத கட்டம்

2024 மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை பின்னேரம், பென்சிலால் எழுதியிருந்த 23 என்ற இலக்கத்தை அழிறப்பரால் அழித்துவிட்டுப் பேனையால் 17 என்று எழுதினேன். ஒரு பாட்டுப் போட்டியின் புள்ளித் தாள் அது. அன்று வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, நன்றாகத்தான் நித்திரை கொண்டேன். உறுத்தல் தொடங்கியது இரண்டு மாதம் கழித்து. தொலைக்காட்சியில் வேறொரு பாட்டுப் போட்டி பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் போகிற போக்கில் கேட்ட ஒரு கேள்வியில் அது தொடங்கியது. இன்னும் முடியவில்லை.

சுவிஸில் இருக்கிற தமிழர்களுக்கு எங்கள் போட்டிகளைப் பற்றி விளக்கத் தேவையில்லை. வாடகைக்கு எடுத்த பாடசாலை மண்டபம், கூரையோடு இழுத்துக் கட்டிய உடற்பயிற்சி வளையங்கள், இரண்டு மணி என்று போட்டு மூன்றேகாலுக்குத் தொடங்கும் நிகழ்ச்சி. இந்தப் போட்டிக்கு மட்டும் ஒரு கூடுதல் கனம் இருந்தது. மேற்பிரிவில் முதலாவதாக வரும் பிள்ளை வேறொரு நாட்டில் நடக்கும் இறுதிச் சுற்றுக்குப் போகும். பிரான்ஸ், ஜெர்மனி, நோர்வே, டென்மார்க், இங்கிலாந்து என்று ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒரு தமிழ்ப் பிள்ளை அங்கே வரும். பிள்ளையின் பெயருக்கு முன்னால் நாட்டின் பெயரைச் சொல்லித்தான் மேடைக்குக் கூப்பிடுவார்கள். அதனால் எங்கள் மூன்று நடுவர்களின் வேலை நல்ல பாட்டைத் தேர்ந்தெடுப்பதோடு முடியவில்லை. சுவிஸைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. இது இப்போது எழுதும்போது தெரிகிறது. அன்று கதிரையில் இருந்தபோது தெரியவில்லை.

ஏழாம் இலக்கம்

போட்டியாளர்களைப் பெயர் சொல்லாமல் இலக்கம் சொல்லி அழைப்பது எங்கள் ஒழுங்கு. யார் வீட்டுப் பிள்ளை என்று நடுவர்களுக்குத் தெரியக்கூடாதாம். தெரியாமல் இருக்குமா? மேற்பிரிவில் பாடிய பதினான்கு பேரில் ஒன்பது பேரின் தாய் தகப்பனை எனக்குத் தெரியும். ஒரு இடத்திலும் கண்டிராத முகம் ஏழாம் இலக்கம்தான். பதின்மூன்று, பதினான்கு வயது இருக்கும். கரோக்கி இல்லாமல் சுருதிப் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பழைய பக்திப் பாடலை எடுத்தாள். பல்லவி முடிவதற்குள் மண்டபத்தின் பின்பக்கம் ஓடித் திரிந்த சின்னன்கள் நின்றுவிட்டன. நான் ஊரில் எட்டு வருடம் முறையாகப் பாட்டுப் படித்தவன். பாடகன் ஆகவில்லை, ஆனால் கேட்டால் தெரியும். அனுபல்லவியில் மேல் ஸட்ஜத்துக்குப் போனவள், அங்கே வந்து சேர்ந்தது தனக்கே வியப்பாக இருப்பதுபோல ஒரு கணம் நின்றாள். சுருதி 24, தாளம் 23, உச்சரிப்பு 25, பாட்டின் உணர்ச்சியைச் சொல்லும் பாவம் 23 என்று போட்டேன். பாவத்துக்கு ஏன் 25 இல்லை என்றால், பின்னால் வருகிறவர்களுக்கு இடம் வைக்க வேண்டும் என்ற நடுவர்களின் பழைய கஞ்சத்தனம், வேறொன்றுமில்லை.

பன்னிரண்டாம் இலக்கம் இங்கே பிறந்த பிள்ளை. அவளும் நன்றாகப் பாடினாள், அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ழகரம் வருகிற இடங்களில் மட்டும், படியிறங்கும்போது கைப்பிடியைத் தேடுவதுபோல, ஒரு சின்னக் கவனம் தெரிந்தது. ஒரு வகையில் அந்தக் கவனமே எனக்குப் பிடித்திருந்தது. ஜெர்மன் பேசும் பள்ளிக்கூடத்தில் ஐந்து நாளும் இருந்துவிட்டு, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கும் வந்து, அந்த ழகரத்தைத் தேடிப் பிடித்திருக்கிறாள். இருந்தாலும் என் தாளில் அவள் ஏழாம் இலக்கத்துக்குப் பின்னால்தான் இருந்தாள்.

எல்லாரும் பாடி முடித்தபின் தேநீர் இடைவேளை. அதன்பின் பென்சில் புள்ளிகளைப் பேனையால் உறுதி செய்து கொடுக்க வேண்டும். அப்போதுதான் ஒரு தகப்பன் வந்தார். அவருடைய பிள்ளை கீழ்ப்பிரிவில் பாடிவிட்டது, ஆகவே சொந்த இலாபம் என்று தள்ளிவிடவும் வழியில்லை.

“அண்ணை, கேட்டால் குறை நினைக்கக் கூடாது. அந்த ஏழாம் நம்பர் பிள்ளை வந்து ஒரு வருசமும் ஆகேல்லை. டொச் (ஜெர்மன்) ஒரு வசனம் கதைக்கத் தெரியாது. அதைப் போய் சுவிஸ் எண்டு அனுப்பினால், எங்கட பிள்ளையள் இஞ்ச பிறந்து வளர்ந்து தமிழ் படிக்கிறதுக்கு என்ன அர்த்தம்?”

“பாப்பம்” என்றேன். இந்த ஊரில் முப்பது வருடமாக நான் அதிகம் பாவித்த சொல் அதுவாகத்தான் இருக்கும். பிறகு ஒழுங்கமைப்பாளரைத் தேடிப் போனேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், நல்ல பொடியன், அன்று காலையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டார்.

“தம்பி, அந்த ஏழாம் இலக்கம் வந்து எவ்வளவு காலம்?”

“எட்டு மாசம் அண்ணை. தாய் முந்தியே வந்திட்டா, பிள்ளையை இப்பதான் கூப்பிட்டவ. ஏன் அண்ணை, அப்பிடி ஏதும் விதி இருக்கோ?”

“இல்லை, சும்மா கேட்டனான்.”

கதிரைக்கு வந்து தாளைப் பார்த்தேன். சுருதியில் கை வைக்க முடியாது. பக்கத்தில் இருந்த ரீச்சர் ஒரு ஸ்வரம் பிசகினாலும் புருவத்தை உயர்த்துகிறவர், அவருடைய தாளோடு என் தாள் ஒத்துப் போகாவிட்டால் கேள்வி வரும். தாளமும் அப்படித்தான். எட்டு மாதத்துக்கு முன் வவுனியாவிலிருந்து வந்த பிள்ளையின் உச்சரிப்பில் என்ன பிழை கண்டுபிடிப்பது? மிஞ்சியது பாவம். பாவம் ஒரு ரப்பர் கட்டம், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். 23ஐ அழித்தேன். 20 போதும் என்றுதான் நினைத்தேன். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று 17 போட்டேன். அந்தப் பிள்ளைக்கு அநியாயம் செய்கிறேன் என்ற எண்ணம் எனக்கு வரவேயில்லை. மாறாக, ஒரு பொறுப்பைச் சுமக்கிற பெருமைதான் இருந்தது. இந்த நாட்டை நாளைக்கு அங்கே காட்டப் போகிறவர் இந்த நாட்டை அறிந்தவராக இருக்க வேண்டாமா என்று ஒரு குரல் உள்ளே நியாயம் பேசியது. அந்தக் குரலை நான் வேறெங்கோ கேட்டிருக்கிறேன். எங்கே என்று அன்று யோசிக்கவில்லை.

மூன்று தாள்களையும் கூட்டியபோது பன்னிரண்டாம் இலக்கம் நான்கு புள்ளிகளால் வென்றது. நான் குறைத்தது ஆறு.

டப்ளினில் ஒரு புள்ளி

ஐரோப்பிய நாடுகள் ஆளுக்கொரு பாட்டோடு போட்டியிடும் யூரோவிசனை நாங்கள் வீட்டில் ஒவ்வொரு வருடமும் தொலைக்காட்சியில் பார்ப்போம். மனைவி பதினொரு மணிக்கு நித்திரைக்குப் போய்விடுவார். நானும் மகளும் புள்ளி வாசித்து முடியும் வரை இருப்போம். அது ஒரு விசித்திரமான இருப்பு. எங்கள் மாடியில் இருக்கும் சேர்பியக் குடும்பம் சேர்பியாவுக்கு வாக்களிக்கும், எதிர்வீட்டுப் போர்த்துக்கல்காரர் போர்த்துக்கலுக்கு. வெளிநாட்டில் வாழ்கிறவர்கள் தங்கள் தாய்நாட்டுக்குப் போடலாம், அதைத் தடுக்க விதி இல்லை. எங்களுக்குப் போட அப்படி ஒரு நாடு அந்தப் பட்டியலில் இல்லை. இருக்கிற ஒரே நாட்டுக்குப் போடலாம் என்றால், சொந்த நாட்டுக்கு வாக்களிக்கக் கூடாது என்ற விதி வந்து நிற்கும். 2023இலிருந்து போட்டியில் இல்லாத நாடுகளில் இருப்பவர்களும் இணையம் வழியாக வாக்களிக்கலாம். ஆக, ரொறன்ரோவில் இருக்கிற என் அண்ணன் சுவிஸுக்கு வாக்களிக்கலாம், சுவிஸ் பாஸ்போட் வைத்திருக்கிற நான் முடியாது. அவனுக்கு இதில் ஒரு துளி அக்கறையும் இல்லை என்பது வேறு கதை.

2024 மே 11, சுவீடனின் மால்மோ. சுவிஸுக்காகப் பாடிய நேமோ வென்றார். 591 புள்ளி. பார்வையாளர்களின் வாக்கை மட்டும் எடுத்தால் குரோஷியாதான் முதலில் நின்றது: அவர்களுக்கு 337, நேமோவுக்கு 226. நடுவர்கள் கொடுத்த 365 நேமோவைத் தூக்கி நிறுத்தியது. பீல் நகரில் வளர்ந்தவர், ஆணென்றும் பெண்ணென்றும் தன்னை வகுத்துக்கொள்ளாதவர். மகள் எனக்கு அதை விளக்க முனைந்தாள். எழுத்துத் தமிழில் எனக்குச் சிக்கல் இல்லை, ‘அவர்’ என்றால் முடிந்தது. ஆனால் எங்கள் பேச்சில் அவர் என்றால் ஆண், அவ என்றால் பெண். வாய் ஒவ்வொரு முறையும் தடுக்கியது. வென்ற கையோடு நேமோ, நீதித்துறைக்குப் பொறுப்பான அமைச்சர் பேயாட் யான்ஸோடு பேசப் போவதாகச் சொன்னார். மூன்றாவது பாலினத்தைப் பதிவேட்டில் சேர்க்க இன்னும் காலம் கனியவில்லை என்று 2022 டிசம்பரில் அரசு சொல்லியிருந்தது. நாட்டுக்காகப் பாடி வென்றவருக்கு அந்த நாட்டின் படிவத்தில் ஒரு கட்டம் இல்லை.

1988க்குப் பிறகு சுவிஸுக்கு இது முதல் வெற்றி. பழைய காட்சியைப் போட்டார்கள். வெள்ளைப் பாவாடை, சுருள் முடி, இருபது வயது செலின் டியோன்.

“அப்பா, செலின் டியோன் சுவிஸா?”

“இல்லை பிள்ளை, கனடா.”

“அப்ப என்னெண்டு சுவிஸுக்குப் பாடினவ?”

“விதியில தடை இல்லை.”

“அப்ப உங்கட போட்டியில அந்த வவுனியாப் பிள்ளைக்கு மட்டும் என்ன தடை?”

நான்தான் இந்தக் கதையை முன்பு ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் அவளுக்குச் சொல்லியிருந்தேன். அதுவும் ஏதோ சாமர்த்தியமாகச் சிக்கலைத் தீர்த்தவன்போல. அவள் கேட்டுவிட்டுத் தொலைபேசியைப் பார்க்கத் தொடங்கினாள், பதிலை எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் உட்கார்ந்து தேடினேன். யூரோவிசனில் பாடுகிறவருக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும், பாடல் மூன்று நிமிடத்தைத் தாண்டக்கூடாது, மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக்கூடாது. இப்படி எத்தனையோ விதிகள். எந்த நாட்டுக் குடியுரிமை என்று ஒரு வரி இல்லை. யாரை அனுப்புவது என்பது அந்தந்த நாட்டுத் தொலைக்காட்சியின் பாடு. லுக்சம்பேர்க் ஐந்து முறை வென்றிருக்கிறது. ஐந்து முறையும் பாடியவர் லுக்சம்பேர்க்காரர் இல்லை. நான்கு பேர் பிரான்ஸ், 1972இல் வென்ற விக்கி லியாண்ட்ரோஸ் கிரேக்கத்தில் பிறந்தவர். சுவிஸும் சளைத்ததில்லை. 1963இல் இஸ்ரேலின் எஸ்தர் ஒஃபாரிம் சுவிஸுக்குப் பாடி இரண்டு புள்ளியால் தோற்றார். 2005இல் எஸ்தோனியாவிலிருந்து வனிலா நிஞ்ஜா என்ற பெண்கள் குழுவை அப்படியே அழைத்து வந்து எட்டாம் இடம் பிடித்தார்கள். அடுத்த வருடம் ஆறு நாட்டிலிருந்து ஆறு பேரைச் சேர்த்து ஒரு குழுவே செய்து அனுப்பினார்கள். அது எடுபடவில்லை.

ஆனால் 1988தான் என்னைப் பிடித்துக்கொண்டது. கியூபெக்கில் பிறந்த பாடகி. இசை, துருக்கியில் பிறந்த அதில்லா ஷெரெஃப்துக். பாட்டை எழுதிய நெல்லா மார்ட்டினெட்டி, சுவிஸின் திச்சினோ மாநிலத்தைச் சேர்ந்த இத்தாலிய மொழிக்காரர், எழுதியதோ பிரெஞ்சில். டப்ளினில் கடைசி நாட்டின் நடுவர்கள் புள்ளி சொல்லும்போது பிரித்தானியா ஐந்து புள்ளி முன்னால் நிற்கிறது. கடைசி நாடு யூகோஸ்லாவியா. சுவிஸுக்கு ஆறு, பிரித்தானியாவுக்கு ஒன்றுமில்லை. 137க்கு 136. ஒரு புள்ளியில் வெற்றி. அந்த இரவைச் சுவிஸ்காரர்கள் இன்றைக்கும் தங்கள் வெற்றி என்றுதான் சொல்கிறார்கள், சொல்லவும் வேண்டும். செலின் டியோனுக்கு எங்கள் ஏரியின் பெயர் தெரியுமா, குப்பை பிரிக்கத் தெரியுமா என்று அவரை யாரும் கூப்பிட்டு வைத்துக் கேட்கவில்லை.

என்னிடம் கேட்டார்கள். அந்தக் குரலை எங்கே கேட்டேன் என்று சொன்னேனே, அது அங்கேதான்.

காரணம் எழுதாத சீட்டு

1991இல் வந்தவன் நான். அந்த நாள் சட்டப்படி 12 வருடம் வாழ்ந்திருந்தால்தான் குடியுரிமைக்கு எழுதலாம். இப்போது 10 வருடம். எழுதி, காத்திருந்து, 2008இல் கிராமசபையில் ஐந்து பேர் இருந்த மேசைக்கு முன்னால் நானும் மனைவியும் இருந்தோம். மரியாதையாகத்தான் நடத்தினார்கள். கூட்டாட்சி அமைச்சர்கள் எத்தனை பேர், பெயர் சொல்லுங்கள். ஏழு பேரையும் சொன்னேன். ஊரில் என்ன சங்கங்களில் இருக்கிறீர்கள்? கடைசியாக ஒரு பெரியவர், “நீங்கள் எங்களில் ஒருவர் என்று எப்போது உணர்ந்தீர்கள்?” என்று கேட்டார். மனைவி ஏதோ அழகாகச் சொல்லிச் சமாளித்தார். திரும்பி வரும் வழியில் என்ன சொன்னீர் என்று கேட்டேன். “எனக்கே ஞாபகமில்லை, பயத்தில சொன்னது” என்றார்.

நாங்கள் அதிர்ஷ்டசாலிகள். லுட்சேர்ன் மாநிலத்தில் எம்மென் என்ற ஊரில், 2000ஆம் ஆண்டு மார்ச்சில், குடியுரிமை கேட்டவர்களை ஊர்மக்களின் வாக்குக்கே விட்டார்கள். ஆளைப் பற்றிய விவரங்களோடு கையேடு வீட்டுக்கு வரும், ஆமா அல்லது இல்லை என்று சீட்டில் போட வேண்டும். இத்தாலிக்காரர்கள் மட்டும் தேறினார்கள். மற்றவர்கள், பெரும்பாலும் முன்னாள் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர்கள், தோற்றுப் போனார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் டப்ளினில் ஆறு புள்ளி கொடுத்த அதே நாடு. 2003இல் உச்ச நீதிமன்றம் இந்த முறை செல்லாது என்றது. தீர்ப்பின் சாரம் எளிமையானது: ஒருவரை மறுக்கிறீர்கள் என்றால் காரணம் சொல்லியாக வேண்டும், இரகசிய வாக்குச் சீட்டு காரணம் சொல்லாது.

அந்தத் தீர்ப்பு வந்த நாட்களில் எங்கள் வேலைத்தலத்தில் நாங்கள் வெளிநாட்டுக்காரர் எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசினோம். பார்த்தாயா, நீதி இருக்கிறது என்று ஒரு அல்பேனிய நண்பர் என் முதுகில் தட்டினார். இருபது வருடம் கழித்து நான் ஒரு தாளில் 17 என்று எழுதினேன். அந்தத் தாளிலும் காரணத்துக்குக் கட்டம் இல்லை. அந்த மண்டபத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரியவர் நான்தான். எங்களில் ஒருவர் என்று எப்போது உணர்ந்தாய் என்று பதின்மூன்று வயதுப் பிள்ளையைக் கேட்டிருக்கிறேன், அதையும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

யார் திறமானவர் என்பது ஒரு கேள்வி. யார் எங்களுடைய ஆள் என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவது கேள்வியைக் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாட்டின் பெயரில் அனுப்பும்போது அந்தக் கேள்வி வரும், வராவிட்டால் நாட்டின் பெயர் எதற்கு? இரண்டாவதன் விடையை முதலாவதன் கட்டத்துக்குள் ஒளித்து வைத்தேனே, அதுதான் பிரச்சினை. ஏழாம் இலக்கம் வந்து எட்டு மாதம் என்பதற்காக ஆறு புள்ளி குறைக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால், ரீச்சர் என்னோடு சண்டை பிடித்திருப்பார், தகப்பன்மார் இரண்டாகப் பிரிந்திருப்பார்கள், மண்டபச் சாவியைக் கொடுக்க வேண்டிய நேரம் தாண்டியிருக்கும். ஆனால் அந்தப் பிள்ளை, தன் பாட்டில் பாவம் இல்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்காது.

இந்த விடயத்தில் யூரோவிசனை ஏளனம் செய்கிறவர்களோடு எனக்கு இப்போது உடன்பாடு இல்லை. 2016இலிருந்து அவர்கள் நடுவர் புள்ளியையும் மக்கள் புள்ளியையும் தனித்தனியாக வாசிக்கிறார்கள். இரண்டும் முட்டிக்கொள்வதை ஊரே பார்க்கிறது. அழகாக இருக்காது, ஆனால் மறைவு இல்லை. 2022இல் ஸ்பெயின் தன் பாடகரைத் தேர்ந்தெடுக்க பெனிடோர்மில் ஒரு போட்டி வைத்தது. பாதி நடுவர்கள், கால்வாசி மாதிரிக்குத் தெரிந்தெடுத்த மக்கள் குழு, கால்வாசி மக்களின் தொலைபேசி வாக்கு. ஸ்பெயினின் பிராந்திய மொழிகளில் ஒன்றான கலீசிய மொழியில் பாடிய தன்ஷுகெய்ரஸ் என்ற மூன்று பெண்களுக்கு மக்கள் வாக்கில் 70.75 வீதம். ஹவானாவில் பிறந்து கத்தலோனியாவில் வளர்ந்த ஷனேலுக்கு 3.97 வீதம். ஆனால் கூட்டிப் பார்த்தபோது ஷனேல் 96, இரண்டாவதாக வந்தவர் 91, தன்ஷுகெய்ரஸ் 90. நாடே கொதித்தது. நாடாளுமன்றக் கட்சிகள் வரை கேள்வி எழுப்பின. ஆங்கிலம் கலந்து பாடுகிறவர் ஸ்பெயினா, பழைய கைப்பறையை அடித்துக்கொண்டு கலீசிய மொழியில் பாடுகிறவர்கள் ஸ்பெயினா என்று. ஷனேல் தன் சமூக ஊடகக் கணக்கு ஒன்றை விட்டே போக நேர்ந்தது. மூன்று மாதம் கழித்து, இத்தாலியின் தூரினில் நடந்த யூரோவிசனில் அவர் 459 புள்ளி எடுத்து மூன்றாவதாக வந்தார், 1995க்குப் பிறகு ஸ்பெயினுக்குக் கிடைத்த ஆகச் சிறந்த இடம். அதன்பின் அவர் ஸ்பெயினா என்று கேட்ட குரல்கள் எங்கே போயினவோ தெரியவில்லை. வென்றவரை ‘எங்கட ஆள்’ ஆக்கிக்கொள்வது எல்லாருக்கும் எளிது. வவுனியாப் பிள்ளை இறுதிச் சுற்றில் முதலாவதாக வந்திருந்தால், அந்தத் தகப்பன்தான் முதல் ஆளாக, சுவிஸ் தமிழ்ப் பிள்ளை என்று படம் போட்டிருப்பார். நானும் போட்டிருப்பேன்.

(பன்னிரண்டாம் இலக்கம் அங்கே நடுவில் ஒரு இடத்தில் வந்தது. பிரான்சுக்காகப் பாடி வென்ற பையன் திருச்சியிலிருந்து வந்து ஒரு வருடம்தானாம். எனக்குச் சொன்னவர் அதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னார்.)

சைபர்

யூரோவிசனுக்கு யாரை அனுப்புவது என்று சுவிஸும் ஒரு காலம் தொலைக்காட்சிப் போட்டி வைத்து மக்களின் வாக்கையும் கேட்டுப் பார்த்தது. 2015 தொடக்கம் 2018 வரை நான்கு வருடமும் இறுதிச் சுற்றுக்கே போக முடியவில்லை. அதன்பின் முறையை மாற்றினார்கள். இங்கே வாழ்கிற 100 பேர் ஒரு பக்கம், மற்ற நாடுகளில் நடுவர்களாக இருந்த இருபது பேரளவில் மறுபக்கம், பாதிக்குப் பாதி. தொலைக்காட்சியில் போட்டி இல்லை, குறுஞ்செய்தி வாக்கு இல்லை. 2019இல் நான்காம் இடம். 2021இல் ஜோன்ஸ் டியர்ஸ் என்ற, கொசோவோ அல்பேனியக் குடும்பத்துப் பிள்ளை மூன்றாம் இடம். என் வேலைத்தலத்து அல்பேனிய நண்பர் அன்று எனக்கு அனுப்பிய குறுஞ்செய்தியில் பன்னிரண்டு ஆச்சரியக்குறி இருந்தது. எங்களை விரும்பாத ஊர்களும் இன்றைக்கு எங்களுக்காகக் கைதட்டுகின்றன என்று எழுதியிருந்தார். நான் ஒரு கைதட்டல் படம் அனுப்பினேன். வேறென்ன அனுப்புவது?

2025 மே மாதம் யூரோவிசன் சுவிஸின் பாசல் நகரத்துக்கு வந்தது. அதற்கும் வாக்கெடுப்பு வைத்தார்கள். 3 கோடியே 75 இலட்சம் பிராங் செலவழிக்கலாமா என்று, 2024 நவம்பரில். 66.6 வீதம் பேர் ஆம் என்றார்கள். சொந்த மண்ணில் சுவிஸுக்காக சோயி மே பிரெஞ்சில் பாடினார். நடுவர்கள் 214 புள்ளி கொடுத்து இரண்டாம் இடத்தில் வைத்தார்கள். மக்கள் புள்ளி வாசிக்கிற நேரம் வந்தது. சைபர். மண்டபத்தில் அவருடைய முகத்தைக் காட்டினார்கள், நான் சேர்ந்து குனிந்தேன். மகள்தான் சொன்னாள், சைபர் என்றால் யாரும் போடவில்லை என்று அர்த்தமில்லை, ஒவ்வொரு நாட்டிலும் முதல் பத்து இடத்துக்குத்தான் புள்ளி, எல்லா நாட்டிலும் பதினோராவதாக வந்தாலும் சைபர்தான் என்று. பத்தாம் இடத்தில் முடித்தார். வென்றது ஒஸ்திரியா. பாடியவரின் தாய் பிலிப்பைன்ஸ்காரர்.

“பிரியா ராகு போனால் எப்பிடி இருக்கும்?” என்றாள் மகள். சங்க்ட் காலனில் பிறந்த தமிழ்ப் பெண், ஆங்கிலத்துக்குள் தமிழை இழுத்துவந்து பாடுகிறவர், மகளின் அறைச் சுவரில் படம் இருக்கிறது. “தமிழில பாடலாமோ?”

பாடலாம். 1999க்குப் பிறகு எந்த மொழியிலும் பாடலாம். 1989இல் லோசானில் போட்டி நடந்தபோது ஒரு குழு, சுவிஸின் தேசிய மொழிகளில் மிகச் சிறியதான ரோமான்ஷ் மொழியில் பாடியது. இந்த நாட்டில் ரோமான்ஷ் பேசுகிறவர்களும் தமிழ் பேசுகிறவர்களும் எண்ணிக்கையில் ஏறக்குறைய ஒன்றுதான் என்று சொன்னேன். அவள் கண் விரிந்தது. அவள் மனதில் அந்த மேடையை நானும் பார்த்தேன்: கீழே எழுத்தில் சுவிட்சர்லாந்து, மேலே தமிழ்ப் பாட்டு. அப்படி ஒரு நாள் வந்தால், இது சுவிஸா என்று எங்கோ ஒரு ஊரில் ஒரு பெரியவர் கேட்பார். நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவரைத் திட்டுவோம்.

ஏழாம் இலக்கத்தை அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை கண்டேன். ரயில் நிலையத்தில், பள்ளிக்கூடப் பையோடு, இரண்டு சுவிஸ் பிள்ளைகளோடு ஜெர்மனில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போனாள். என்னைத் தெரிந்த மாதிரிக் காட்டவில்லை. தெரிந்திருக்க நியாயமில்லை, நான் மேசைக்குப் பின்னால் இருந்த மூன்று தலையில் ஒன்று. கூப்பிட்டு என்ன சொல்வது? உன் பாவம் 23 என்றா?

இந்த வருடப் போட்டிக்கும் நடுவராக வரச் சொல்லிக் கேட்டார்கள். வருகிறேன் என்றேன், ஆனால் இந்த முறை காரணம் எழுத ஒரு கட்டம் போட வேண்டும் என்று சொல்ல நினைத்திருந்தேன். அதற்குள் விண்ணப்பப் படிவம் தொலைபேசிக்கு வந்து சேர்ந்தது. பெயர், பிறந்த திகதி, பாடும் பாடல். அதன் கீழே புதிதாக ஒரு வரி: சுவிஸில் வாழும் காலம் (குறைந்தது இரண்டு ஆண்டுகள்).

ஒழுங்கமைப்பாளருக்கு உடனே எடுத்தேன். “தம்பி, இந்த இரண்டு வருசம் எங்கேயிருந்து வந்தது?”

அவர் கொஞ்சம் குழம்பித்தான் போனார். “அண்ணை, போன முறை நீங்கள்தானே கேட்டனீங்கள்?”